ஒரே பெயர், வேறு வேறு பொருள்: இது திருட்டா?



நம்ம பையில் ஒட்டகப் படம் போட்ட கலர் பெட்டி இருக்கும். அது கேமல். 1931-ல் தொடங்கிய கேம்லின் என்ற இந்தியக் கம்பெனியுடையது. அமெரிக்காவில் 1913 முதல் விற்கும் ஒரு சிகரெட்டுக்கும் கேமல் என்றுதான் பெயர். அதிலும் ஒட்டகப் படம்தான்! ஆனால் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம்ம பக்கமும் உண்டு. சக்தி மசாலா ஈரோட்டுக் கம்பெனி. சர்க்கரை ஆலை நடத்தும் சக்தி சுகர்ஸ் வேறு கம்பெனி.

அப்படின்னா ஒருத்தர் வைத்த பெயரை இன்னொருத்தர் எடுத்துக்கலாமா? சில நேரம் எடுக்கலாம், சில நேரம் கூடாது. எப்போது என்று பார்ப்போம்.

1) வகுப்பு 45

பொருளுக்கு வைக்கும் பெயர், படம் இவற்றை வணிகக்குறி (டிரேட் மார்க்) என்கிறோம். இதற்கான சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகம் சென்னையிலும் உள்ளது. பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்துள்ளனர். சோப்பு 3, வண்டி 12, பென்சில் 16, துணிமணி 25, மசாலா 30, ஓட்டல் 43. பெயரைப் பதியும்போது எந்தப் பொருளுக்கு என்றும் சொல்ல வேண்டும்.

இது நம்ம பள்ளி மாதிரிதான். எட்டாம் வகுப்பில் ஒரு லட்சுமி, ஒன்பதாம் வகுப்பில் ஒரு லட்சுமி இருந்தால் குழப்பம் இல்லை. ஒரே வகுப்பில் ரெண்டு லட்சுமி இருந்தால்தான் டீச்சர் கூப்பிடும்போது ரெண்டு பேரும் எழுந்திருப்பாங்க!

2) நந்தினி வழக்கு

நம்ம ஊருக்கு ஆவின் போல கர்நாடகத்துக்கு நந்தினி பால். அங்குள்ள கூட்டுறவுப் பால் கூட்டமைப்பு 1985 முதல் இந்தப் பெயரில் விற்கிறது. பெங்களூரில் 1989-ல் 'நந்தினி டீலக்ஸ்' என்ற ஓட்டல் வந்தது. ஓட்டல்காரர் பெயரைப் பதியப் போனபோது பால் கூட்டமைப்பு எதிர்த்தது. உயர் நீதிமன்றத்தில் கூட்டமைப்பு ஜெயித்தது. ஆனால் 2018 ஜூலை 26-ல் உச்ச நீதிமன்றம் ஓட்டலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. காரணங்கள்:

* நந்தினி புராணத்தில் வரும் பசுவின் பெயர். யாரும் புதிதாக உண்டாக்கிய சொல் இல்லை.
* இரண்டின் படமும் எழுத்தும் வேறு.
* வகுப்பு எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. வாங்குகிறவர் ஏமாற மாட்டார்.

ஆனால் பாலுக்கும் பால் பொருளுக்கும் அந்தப் பெயரை ஓட்டல் பதிய முடியாது. எனவே வகுப்பு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது.

3) வேலி தாண்டிய ஆப்பிள்

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் பாட்டுக் குழுவினர் 1968-ல் ஆப்பிள் என்று கம்பெனி தொடங்கினர். 1976-ல் அமெரிக்காவில் ஆப்பிள் கம்ப்யூட்டர் வந்தது. 1978-ல் வழக்கு. 1981-ல் சமாதானம்: "நீ பாட்டுப் பக்கம் வராதே, நான் கம்ப்யூட்டர் பக்கம் வரமாட்டேன்." பிறகு கம்ப்யூட்டரே பாட்டுப் பாட ஆரம்பித்தது! 2003-ல் ஆப்பிள் கம்ப்யூட்டர் இணையத்தில் பாட்டு விற்கத் தொடங்கியதும் மறுபடி வழக்கு. 2007-ல்தான் ஒப்பந்தம் போட்டு முடித்தார்கள். இன்று வேறு வேறாக இருக்கும் தொழில்கள் நாளை ஒட்டிக்கொள்ளலாம் என்பது இதில் தெரிகிறது.

4) ரொம்பப் பெரிய பெயர்

பென்ஸ் என்றால் கார். அந்தப் பெயரில் ஒருவர் உள்ளாடை விற்றார். காரும் உள்ளாடையும் ஒன்றா? இல்லை. ஆனாலும் டெல்லி உயர் நீதிமன்றம் 1990-களில் தடை விதித்தது. உலகம் முழுதும் தெரிந்த பெயரின் புகழை வைத்து இன்னொருவர் சம்பாதிக்கக் கூடாது என்பதே காரணம்.

5) இது யாருக்காக?

முதலாளிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பொட்டலத்தின் நிறத்தையும் படத்தையும் பார்த்துத்தான் வாங்குவாங்க. அதே படம் போட்டு வேறு ஒருவர் கலப்படத் தூள் விற்றால் முதலில் ஏமாறுவது அப்பத்தாதான். 1962-லேயே அமிர்ததாரா என்ற மருந்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை யோசித்தது. வாங்குகிறவர் இரண்டு புட்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்லை, அரைகுறை ஞாபகத்தில்தான் வாங்குகிறார் என்றது.

அம்மாவின் மகளிர் குழுவில் ஊறுகாய் போடுகிறார்கள். 'சக்தி ஊறுகாய்' என்று வைக்கலாம்னு ஒரு அத்தை சொன்னாங்க. நான் வேண்டாம் என்றேன். மசாலாவும் ஊறுகாயும் கடையில் ஒரே அடுக்கில் இருக்கும். ஸ்டிக்கர் அடித்த பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால் குழு சேமித்த பணம் போச்சு. வெறுமனே 'மாங்காய் ஊறுகாய்' என்றும் பதிய முடியாது. பொருளையே குறிக்கும் சொல் எல்லோருக்கும் பொது. அதனால் யாரும் வைக்காத பெயரைத் தேடிக்கிட்டு இருக்காங்க.

செய்து பாருங்கள்: வீட்டில் உள்ள பொட்டலங்களை எடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பதிவான பெயர். ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் கிடைத்தால், கம்பெனி முகவரியையும் ஒப்பிட்டு, இந்தத் தாளின் கீழே எழுதி வையுங்கள். மகளிர் குழுவுக்கு நல்ல பெயர் தோன்றினால் அதையும் எழுதுங்கள்!


ஒன்பதாம் வகுப்பு மாணவி