பாலர் வகுப்பு ஆசிரியரும் இணையவழிக் கற்பித்தலும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளைகளைக் குறித்து வழங்கிவந்த இப்பழமொழி, 2020, 2021 ஆம் ஆண்டுகளில் ஆசிரியர்களையே நோக்கித் திரும்பியது. மழலைகளுக்கு அகரம் கற்பித்து வந்த ஐம்பது வயது ஆசிரியை, கணினித் திரையின் முன் தாமே மாணவியாக அமர வேண்டியதாயிற்று.

2021 யூன் 26 ஆம் நாள் சிட்னிப் பெருநகரம் முழுவதும் கொவிட் முடக்கத்துக்கு உள்ளானது. யூலை இறுதிக்குள் பிளாக்டவுனும் கூடுதல் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாயிற்று. ஒக்டோபர் 11 ஆம் நாளே முடக்கம் தளர்ந்தது. நூறு நாள்களுக்கும் மேற்பட்ட இவ்விடைவெளி வளர்ந்தோருக்குச் சிறிதாகத் தோன்றலாம். நான்கு வயதுப் பிள்ளைக்கோ அது நீண்ட காலம். ஐந்து வயதளவில் ஆங்கிலப் பாடசாலைக்குச் செல்லுமுன் தமிழ் ஒலிகள் நாவில் படிய வேண்டிய பருவம் அது. அப்பருவத்தில் வார இறுதி வகுப்பு தொடர்வதா, நின்றுவிடுவதா என்பது பெரிதும் ஆசிரியரின் மனவிருப்பத்தையே பொறுத்திருந்தது.

அவ்விருப்பம் எங்கிருந்து பிறக்கிறது? அமெரிக்க ஆய்வாளர் பிறெட் டேவிஸ் 1989 இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒருவர் புதிய கருவியை ஏற்பதற்கு இரண்டு எண்ணங்கள் அடிப்படை என்றார் அவர். முதலாவது, இதனால் என் பணிக்குப் பயன் உண்டு என்பது. இரண்டாவது, இதனை நான் சிரமமின்றிக் கையாள முடியும் என்பது. 2003 இல் விசுவநாத் வெங்கடேஷ், டேவிஸ் உள்ளிட்ட நால்வர் இக்கருத்தை விரித்து, சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பையும், தேவைப்படும் வேளையில் கிடைக்கும் உதவியையும் சேர்த்துக் காட்டினர்.

பாலர் வகுப்பு ஆசிரியருக்கு முதலாவது எண்ணமே பெருந்தடை. பென்சில் பிடிக்கும் விரல்களைத் திருத்துவது எங்ஙனம்? 'ழ'கரம் ஒலிக்கையில் நா வளைவதைத் திரையில் காட்டுவது எங்ஙனம்? இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் அமர்ந்தபடி திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என அவுஸ்திரேலிய அரசின் வழிகாட்டலும் கூறுகிறது. ஆகவே தயங்கிய ஆசிரியரைப் பிற்போக்காளர் எனக் கொள்ளுதல் தவறு. அத்தயக்கத்துள் பிள்ளையின் இயல்பை அறிந்த அனுபவம் அடங்கியிருக்கிறது.

இத்தயக்கத்துக்கு விடை இந்நாட்டின் வரலாற்றிலேயே உண்டு. 1951 யூன் 8 ஆம் நாள் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரில் வான்வழிப் பாடசாலை முறையாகத் தொடங்கிற்று. கல்வித்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய அடிலெய்ட் மீத்கே அம்மையாரின் எண்ணத்தில் உதித்த திட்டம் இது. பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலி வழியே, தொலைதூரப் பண்ணை வீடுகளில் வாழ்ந்த பிள்ளைகளைப் பாடம் சென்றடைந்தது. தொடக்கத்தில் ஆசிரியர் மட்டுமே பேசினார். விரைவில் பிள்ளைகள் வினவவும் விடை சொல்லவும் நேரம் ஒதுக்கப்பட்டது. வீட்டிலே பிள்ளையின் அருகில் தாயோ வேறொரு பெரியவரோ அமர்ந்து பாடத்தைச் செய்வித்தார். வானொலி குரலைக் கொண்டு சென்றது. அருகிருந்த பெரியவரின் கை பிள்ளையின் கையைப் பிடித்தது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று.

1. பாலருக்கான இணைய வகுப்பு சுருக்கமாக அமைதல் வேண்டும். பதினைந்து நிமிடம் பாட்டும் கதையும் உரையாடலும் நடத்தி, எஞ்சிய பயிற்சியைத் திரைக்கு வெளியே, தட்டில் பரப்பிய அரிசியிலும் களிமண்ணிலும் செய்விக்கலாம்.

2. பெற்றோர் அருகிருத்தல் வேண்டும். அவர்களை உதவி ஆசிரியராகக் கொண்டால், விரல் பிடித்து எழுதுவிக்கும் கவலை நீங்கும். வீட்டிலும் தமிழ் ஒலிக்கும்.

3. ஆசிரியர் தனித்து விடப்படலாகாது. ஒலி கேளாதபோதும் படம் தோன்றாதபோதும் உடனிருந்து உதவ ஒருவர் வேண்டும். நம் பள்ளிகளில் பயின்று வளர்ந்த உயர்வகுப்பு மாணவர் இப்பணிக்கு மிகப் பொருத்தமானவர். தமிழை அவர் ஆசிரியரிடம் கற்றார். கணினியை ஆசிரியர் அவரிடம் கற்கட்டும்.

முடக்கம் நீங்கிவிட்டது. பாலர் மீண்டும் பாயில் வட்டமாக அமர்ந்து கதை கேட்கின்றனர். அதுவே அவர்களுக்கு உரிய வகுப்பறை. எனினும் பழகிய கருவியைக் கைவிட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருக்கும் பாட்டி ஒருவர் திரையில் தோன்றி, பிளாக்டவுன் பிள்ளைகளுக்கு நரிக்கதை சொல்லலாம். நோயுற்று வீட்டில் இருக்கும் பிள்ளையும் அக்கதையைக் கேட்கலாம்.

பயனைக் காட்டி, எளிமையாக்கி, துணையும் நின்றால் ஐம்பதும் வளையும். ஐம்பது வளைந்து கொடுத்தால், ஐந்தின் நாவில் தமிழ் நிலைக்கும்.