ஒரே லிப்ஸ்டிக், இரண்டு நிறம்: ஏன்?

தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்காகத் தோழிகள் இருவர் வெளிர் இளஞ்சிவப்பு லிப்ஸ்டிக்கை ஆளுக்கொன்று வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நிறம். வெளிர்நிறத் தோழிக்கு அது ரோஜா இதழ்போல் இருந்தது. கருநிறத் தோழிக்கோ உதட்டில் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தது. “என் நிறத்துக்கு எதுவுமே எடுபடாது” என்று அவள் துடைத்துவிட்டாள். மாணவர்களே, குறை அவள் நிறத்திலா இருக்கிறது? ஒளியியலைக் கேட்டுப் பார்ப்போம்.

உதடு ஒரு வண்ணத்தாள்

உதட்டின் தோல் மிக மெல்லியது. அடியில் ஓடும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை, நீல ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சி, சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. தோலிலுள்ள மெலனின் அதன்மேல் பழுப்பைச் சேர்க்கிறது. மெலனின் கூடக்கூட உதட்டின் நிறமும் ஆழமாகும். ஆகவே எவருடைய உதடும் வெள்ளைத்தாள் அன்று.

லிப்ஸ்டிக் என்பது மெழுகும் எண்ணெயும் நிறமியும் கலந்த மெல்லிய படலம். ஒளி அதனுள் புகுந்து, உதட்டில் பட்டு, மீண்டும் அதன் வழியே வெளிவருகிறது. நீர்வண்ணத்தை வெள்ளைத்தாளிலும் பழுப்பு உறையிலும் தீட்டினால் வேறுவேறாகத் தெரிவதுபோல்தான் இதுவும்.

சாம்பல் எங்கிருந்து வந்தது?

வெளிர் நிறங்களைப் பெற, பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளை நிறமி சேர்க்கப்படுகிறது. மெழுகின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.4, இந்த நிறமிக்கோ 2.5க்கும் மேல். இந்தப் பெரிய வேறுபாட்டால் அது எல்லா நிற ஒளியையும் சிதறடிக்கிறது. உதட்டின் இயல்பான சிவப்பு மறைந்து, சுண்ணாம்பு போன்ற வெளுப்பு மேலோங்குகிறது. சுற்றியுள்ள தோல் ஆழ்ந்த நிறமாக இருந்தால் அந்த வெளுப்பு இன்னும் எடுத்துக் காட்டும்.

இதற்குக் காரணம் நம் கண்ணும் மூளையும். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மிஷெல் செவ்ரெல் என்ற வேதியியலாளர். அங்கே கருப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்தபோது சாயத்தில் குறை இல்லை. பக்கத்திலிருந்த நிறங்களே அதை மங்கலாகக் காட்டின. இதை விளக்கும் நூலை 1839இல் வெளியிட்டார். கருமைக்கு நடுவே வைத்த நிறம் வெளுத்தும், வெண்மைக்கு நடுவே வைத்தது அடர்ந்தும் தெரியும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

கருநிறத்தவர் வெள்ளை நிறமி குறைவாக உள்ள ஒயின் சிவப்பு, செங்கல் சிவப்பு, நாவற்பழ நிறம், சாக்லேட் பழுப்பு ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். மாநிறத்தவருக்கு உதட்டைவிட ஓரிரு படி அடர்ந்த ரோஜா நிறமும் செம்பழுப்பும் இயல்பாக அமையும். வெளிர்நிறத்தவருக்கு மெல்லிய இளஞ்சிவப்பே போதும். அடர் சிவப்பு பளிச்செனத் தனித்துத் தெரியும். அந்த வேறுபாடு சிலசமயம் நமக்கே தேவைப்படும். பரதநாட்டியக் கலைஞர்கள் அடர் சிவப்பு பூசுவது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் முகபாவம் தெரிவதற்காகத்தான்.

மணிக்கட்டு நரம்பு பச்சையா, நீலமா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆழ்ந்த நிறத் தோலில் நரம்பே சரியாகத் தெரியாது. அதைவிட, விரல் நுனியில் தடவி, கடை விளக்கை விட்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையில் பலர் தொட்ட மாதிரிக் குச்சியை மட்டும் உதட்டில் வைக்காதீர்கள்; உதட்டுக் கொப்புளம் உண்டாக்கும் வைரஸ் அதன்மூலம் பரவக்கூடும்.

செய்து பாருங்கள்

சாம்பல் நிறத் தாளில் ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களை வெட்டுங்கள். ஒன்றை வெள்ளை அட்டையிலும் மற்றொன்றைக் கருப்பு அட்டையிலும் வையுங்கள். இரண்டும் ஒரே நிறமாகத் தெரிகின்றனவா? பிறகு இரண்டையும் எடுத்து ஒட்டி வைத்துப் பாருங்கள். அந்தத் தோழியிடம் என்ன சொல்வீர்கள் என்பது உங்களுக்கே விளங்கும்.