கணவாய்க் காற்றும் சைக்கிளும்

பிழைப்பு நாடிக் கொல்லங்கோட்டில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. சென்ற தை மாதம் நானும் ஆய்வுக்கூடத் தோழர் ஒருவரும் காயத்ரிப்புழையை ஒட்டி சைக்கிளில் புறப்பட்டோம். நெல்லியாம்பதி மலை இடப்புறம் பின்தங்கியது. ஆலத்தூர் கடந்து, காயத்ரி பாரதப்புழையில் கலக்கும் மாயன்னூர். மறுநாள் மாலை பொன்னானிக் கடல்! "என் கால் வலிமையைப் பார்த்தீரா?" என்று இறுமாந்தேன்.

வலிமை காலினுடையதன்று. மேற்கு மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ள இடைவெளி. மார்கழி, தையில் கீழ்காற்று அதனூடே பாய்கிறது. காற்றின் எதிர்ப்போ சார்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நாம் மணிக்கு 15 கி.மீ. மிதிக்க, காற்று 10 கி.மீ. வீசுகிறது என்று கொள்வோம். பின்காற்றானால் சார்பு வேகம் 5, எதிர்காற்றானால் 25. வேகம் ஐந்து மடங்கு, எதிர்ப்பு இருபத்தைந்து மடங்கு!

இக்கணக்கைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும். ஒற்றப்பாலத்திலேயே முழங்கால் மறுத்துவிட்டது. சைக்கிள்களை ரயிலில் ஏற்றினோம். தோழர் ஒன்றும் சொல்லவில்லை. கடலைப் பொட்டலத்தை மட்டும் நீட்டினார்.

ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும். மழையும் கூடவே வரும். ஆகவே தையில் செல்லும் நண்பர்கள் பொன்னானி பார்த்ததும் குற்றிப்புரத்திலேயே ரயிலேறிவிடலாம்.