மூரைக் காக்கக் கிளம்பியவளுக்கு

ஷெஃபீல்ட்
மார்ச் கடைசி

அன்புள்ள மயூரி,

மூர் என்னும் மேட்டுத் தரிசு நிலத்தில் தீ வைப்பதை எதிர்க்கும் குழுவில் நீ சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா தொலைபேசியில் சொன்னார். படிப்புக் கெட்டுவிடுமோ என்பது அவர் கவலை. என் கவலை வேறு. குளிர்காலம் முழுக்க மூரைப் பற்றி எழுதித் தள்ளினாயே பிள்ளை, ஒருநாளாவது மேலே ஏறினாயா?

இந்த ஊரில் எத்தெல் என்றொரு பெண் இருந்தார். முதல் உலகப் போரில் கணவரை இழந்தவர். துக்கத்தில் முடங்கிக் கிடந்தவரை வீட்டார் மூருக்கு நடக்க அனுப்பினார்கள். அந்த நடைதான் அவரை எழுப்பி நிறுத்தியது. 1924-இல் சுற்றுப்புற இயற்கையைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். வீடுகள் முளைக்கவிருந்த லாங்ஷா எஸ்டேட்டை மக்களிடம் பணம் திரட்டி வாங்கினார்கள். 1931-இல் அது நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் போனது. 1951-இல் இந்த மேடுகள் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனதற்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு உண்டு. கிண்டர் ஸ்கவுட் மேட்டில் 1932-இல் அத்துமீறி ஏறிச் சிறைக்குப் போன இளைஞர்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பேசட்டும், அது நல்ல கதை. எனக்கு எத்தெலைத்தான் பிடிக்கும். நடை முதலில் வந்தது, மனு பிறகு வந்தது.

ஆகவே ஏப்ரலில் வா. கர்லூ பறவை மேட்டுக்குத் திரும்பியிருக்கும். வளைந்த நீள அலகோடு, குரலை இழுத்து இழுத்துக் கூவியபடி இறங்கும். மன்னார்க் கரையில் சிறுவயதில் நான் பார்த்ததும் இதே இனந்தான், ஆனால் அங்கே வருபவை ஆசியாவின் வடபுலத்திலிருந்து. மே, ஜூனில் பருத்திப்புல் வெள்ளை வெள்ளையாகத் தலையாட்டும் இடமெல்லாம் ஈரம் நிற்கிற இடம் என்று அறிந்துகொள். ஜூலையில் பில்பெரி பறித்து வாயெல்லாம் நீலமாக்கிக்கொள். ஆகஸ்டில் ஹெதர் செடி பூத்து மலையே ஊதாவாகும். படம் எடுக்க வருகிற கூட்டத்துக்கு பூத்திருக்கும் அந்த மூன்று வாரந்தான் மூர். நான் விரும்புவது குளிர்காலத்தை. மலைமுயல்கள் வெள்ளை உரோமம் போர்த்தியிருக்கும். பனி பெய்யாத ஆண்டுகளில் பழுப்புத் தரையில் அவை எங்கிருந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும், பாவம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்காக ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை, நம்மைப்போல வந்தேறிகள்.

மார்ச் முதல் ஜூலை வரை பாதையை விட்டு விலகாதே. கூடுகள் தரையில் இருக்கும். நாயோடு தோழி யாராவது வந்தால் அதைக் குட்டைக் கயிற்றில் பிடி. திறந்த மூரில் அந்த மாதங்களுக்கு அது சட்டமும்கூட.

இனி உன் கூட்டங்கள். வேட்டைக்கு வளர்க்கும் கிரௌஸ் பறவை தின்ன இளந்தளிர் வேண்டுமென்று ஹெதரை எரிக்கிறார்கள். மக்கிய தாவரங்களாலான ஆழமான பீட் மண்ணின் மேல் எரித்தால் அந்த மண் காய்கிறது, ஸ்பேக்னம் பாசி நலிகிறது. பீட் ஒரு மில்லிமீட்டர் சேர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். இதைச் சொல். ஆனால் வேட்டை நிலத்தைப் பராமரிக்கும் கேம்கீப்பரைப் பகைவனாக்காதே. அவர்கள் நரியையும் காக்கையையும் அடக்குவதால் கர்லூக் குஞ்சுகள் பிழைக்கின்றன. நீயே முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிடு. ஹென் ஹாரியர் பருந்துகள் சட்டவிரோதமாகக் கொல்லப்படுவதைப் பற்றி நீ பேசும்போது பிறகு காது கொடுப்பார்கள். மாநகராட்சி உறுப்பினர்களிடம் பறவையை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பேசு. பீட் கெட்டால் நீர்த்தேக்கத்துக்கு வருகிற தண்ணீர் பழுப்பாகும். அதைச் சுத்திகரிக்கிற செலவு குடிநீர்க் கட்டணத்தில் ஏறும். அது எல்லா வீட்டுக்கும் புரியும்.

புகை கண்டால் முகநூலில் கொட்டாதே. தேதி, நேரம், காற்றுத் திசை, வரைபட எண், படம், எல்லாவற்றையும் குறித்து வை. மேட்டுநிலத்தில் எரிக்கும் பருவம் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. 2021-இல் வந்த விதி பாதுகாக்கப்பட்ட இடங்களில் 40 செ.மீ.க்கு மேல் ஆழமான பீட்டைத்தான் தொட்டது. 2025-இல் அதை 30 செ.மீ. ஆக்கி, பரப்பையும் விரித்தார்கள். இரண்டிலும் உரிமம் பெற்று எரிக்க வழி உண்டு. உன் துண்டறிக்கையில் 'முழுத் தடை' என்று போட்டிருக்கிறாய். அச்சுக்குப் போகுமுன் மாற்று. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூட்டம் முழுவதையும் ஓட்டிவிடுவார்.

கால் நனையாத பூட்ஸ் உனக்கு என்ன அளவு என்று எழுது. பெரியம்மாவின் பழைய சோடி ஒன்று இங்கே இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா