சர்வருக்கு என்ன பெயர் வைப்பது?

கேள்வி: எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். தலைமை அலுவலகத்தில் 15 சர்வர்கள், சென்னைக் கிளையில் 4, மும்பை கிளவுடில் சில. இதுவரை யார் வாங்கினார்களோ அவர்கள் வாய்க்கு வந்த பெயரை வைத்துவிட்டார்கள். ஒன்றின் பெயர் ‘டெஸ்ட்2’. அதில்தான் சம்பளப் பட்டியல் ஓடுகிறது! இன்னொன்று, வேலையை விட்டுப்போன ஒரு ஊழியரின் பெயரில் இருக்கிறது. அடுத்த மாதம் புது சர்வர்கள் வருகின்றன. ஆறுகளின் பெயர்களை வைக்கலாம் என்கிறார் மேலாளர். ஊர், வேலை, எண் என்று வரிசையாக வைக்கலாம் என்பது என் கட்சி. எது சரி?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கட்சிக்கே என் ஓட்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் பெயர் வேறு, அது செய்யும் வேலையின் பெயர் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயரை வைப்பதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

வலை பிறந்த கதையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முதல் வலை சர்வரை ஒரு நெக்ஸ்ட் கணினியில் ஓட்டினார். அந்தக் கணினியின் பெயர் ‘என்எக்ஸ்ஓசி01’. உலகத்துக்குத் தெரிந்த முகவரியோ ‘இன்ஃபோ.செர்ன்.சிஎச்’. அந்த நெக்ஸ்ட் எப்போதோ ஓய்வு பெற்றுக் காட்சிப்பொருளாகிவிட்டது. ‘இன்ஃபோ’ இன்றும் பதில் சொல்கிறது, வேறு இயந்திரத்திலிருந்து. முன்னது இயந்திரத்தின் பெயர் என்பதால் அதனோடு போனது. பின்னது வேலையின் பெயர் என்பதால் இடம் மாறி மாறி வாழ்கிறது.

உங்கள் அலுவலகத்துக்கும் இதுதான் வழி. சம்பள மென்பொருளைத் திறக்கும் ஊழியர்கள் ‘சம்பளம்’ என்ற முகவரியைத்தான் தட்ட வேண்டும். அந்தப் பெயர் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்பதை டிஎன்எஸ்-ல் ஒரு மாற்றுப்பெயர்ப் பதிவாக, அதாவது சிநேமாக, எழுதிவையுங்கள். சர்வர் பழசாகி மாற்றும் நாளில் இதன் அருமை தெரியும். முதல் நாளே அந்தப் பதிவின் ஆயுளை 86,400 நொடியிலிருந்து 300 நொடிக்குக் குறைத்துவிடுகிறீர்கள். மறுநாள் இரவு தரவைப் புது சர்வருக்கு நகர்த்தி, சரிபார்த்து, டிஎன்எஸ்-ல் அந்த ஒரு வரியை மாற்றுகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் புது சர்வருக்கு வந்துவிடுவார்கள். மாற்றுப்பெயர் இல்லாமல் சர்வரின் பெயரையே எல்லா இடத்திலும் எழுதிவைத்திருந்தால்? ஒவ்வொரு மேசைக் கணினியின் ஷார்ட்கட், கணக்குப் பிரிவின் எக்செல் இணைப்பு, ஸ்கேனரில் பதித்த ஃபோல்டர் பாதை, பேக்கப் ஜாப் என்று ஒன்றொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். எதையாவது தவறவிடுவது நிச்சயம். அது தெரியவருவது மாதக் கடைசியில், சம்பள நாளன்று.

இனி இயந்திரத்தின் பெயருக்கு வருவோம். அந்தச் சர்வர் உயிரோடு இருக்கும்வரை மாறாத விவரம் மட்டுமே அதில் இருக்கலாம். விண்டோஸ் பதிப்பு வேண்டாம். அப்கிரேட் செய்த அன்றே பெயர் பொய்யாகிவிடும். ரேக் எண், தயாரித்த கம்பெனி, வாங்கிய புராஜெக்ட், பொறுப்பாளர் எல்லாமே மாறக்கூடியவை. டான் லிபஸ் என்பவர் 1990-ல் கணினிக்குப் பெயர் தேர்வது பற்றி மட்டுமே ஓர் ஆவணம் எழுதினார். இணையத் தொழில்நுட்ப ஆவணங்களில் அதன் எண் ஆர்எஃப்சி 1178. புராஜெக்டின் பெயரை வைக்காதீர்கள், சொந்தப் பெயரை வைக்காதீர்கள் என்று அன்றைக்கே அதில் சொல்லியிருக்கிறார். சில பக்கங்கள்தான். உங்கள் குழுவில் எல்லோரையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

ஊர் மாறாது. அதற்குப் புதிதாகக் குறி கண்டுபிடிக்கவும் வேண்டாம். உலகெங்கும் பலர் விமான நிலையக் குறிகளை எடுத்துக்கொள்கிறார்கள். திருப்பூருக்கு விமான நிலையம் இல்லை. ஆனால் ரயில்வே குறி இருக்கிறது: ‘டியுபி’. சென்னை சென்ட்ரலுக்கு ‘எம்ஏஎஸ்’. மெட்ராஸ் என்ற பெயர் 1996-ல் சென்னை ஆனது, 2019-ல் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது. டிக்கெட்டில் இன்றும் அதே மூன்று எழுத்துதான். ஊர்ப்பெயர் மாறினாலும் நிற்கிற குறியைவிடச் சர்வருக்கு வேறென்ன வேண்டும்?

வேலையைப் பொறுத்தவரை, வகை வரலாம். மென்பொருளின் பெயர் வரக்கூடாது. டேட்டாபேஸ் என்றால் ‘டிபி’, அப்ளிகேஷன் என்றால் ‘ஏபிபி’, கோப்புகள் என்றால் ‘எஃப்எஸ்’. டேட்டாபேஸ் சர்வரை வலை சர்வராக மாற்றுவதென்றால் எப்படியும் அழித்துப் புதிதாகத்தான் நிறுவப்போகிறீர்கள். அப்போது புதுப் பெயர் கொடுத்துவிடலாம். நேரடிப் பயன்பாட்டுக்கும் சோதனைக்கும் தனிக் குறி கட்டாயம். சிலர் ‘பி’, ‘டி’ என்று ஒற்றை எழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு, இரைச்சலான தொழிற்கூடத்திலிருந்து போனில் “டி சர்வரை ரீபூட் பண்ணட்டுமா?” என்று கேட்டால் மறுமுனையில் இருப்பவருக்கு அது ‘பி’ என்றும் கேட்கலாம். ஆகவே ‘பிஆர்டி’, ‘டிஎஸ்டி’ என்று மும்மூன்று எழுத்தாகவே வையுங்கள். இதோடு நேரடிச் சர்வர்களின் டெர்மினலில் பெயர் சிவப்பு நிறத்தில் தெரியும்படியும் செய்துவிடுங்கள். இரண்டு ஜன்னல்களை அருகருகே திறந்து வேலை செய்பவரின் கண்ணுக்கு அந்தச் சிவப்பு உதவும்.

ஆக முதல் டேட்டாபேஸ் சர்வர் ‘டியுபி-பிஆர்டி-டிபி-01’. ஆங்கிலத்தில் கோடுகளையும் சேர்த்து 13 எழுத்து. விண்டோஸின் பழைய நெட்பயாஸ் பெயருக்கு 15 எழுத்துதான் எல்லை என்பதால் அதற்குள் அடங்குவது நல்லது. டிஎன்எஸ் ஒரு பகுதிக்கு 63 எழுத்துவரை இடம் தருகிறது, ஆனால் அத்தனை நீளத்தை யார் தட்டுவது? நடுக்கோடு போடலாம், அடிக்கோடு கூடாது. எண்ணை 1 என்று தொடங்காமல் 01 என்று தொடங்குங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் 10, 2-க்கு முன்னால் போய் நிற்கும். ஓய்வு பெற்ற சர்வரின் எண்ணை இன்னொன்றுக்குத் தரவே தராதீர்கள். எண்களுக்குப் பஞ்சமில்லை. பழைய லாக்கில் ‘டிபி-03’ என்று பார்க்கும்போது அது எந்த ‘03’ என்று ஆராய்ச்சி செய்கிற நிலை வரக்கூடாது.

இதே பாணியைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் விக்கிமீடியாவைப் பாருங்கள். தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா விக்கிப்பீடியாக்களையும் ஓட்டும் அமைப்பு. தன் சர்வர் பெயர் விதிகளை எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அங்கே எண்ணின் முதல் இலக்கம்தான் ஊர். ‘டிபி’-க்குப் பின் 1-ல் தொடங்கும் நான்கிலக்க எண் வந்தால் வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன், 2 என்றால் டெக்சஸின் கரோல்டன், 3 என்றால் ஆம்ஸ்டர்டாம், 5 என்றால் சிங்கப்பூர். எச்சரிக்கைச் செய்தியில் பத்து சர்வர் பெயர்கள் வந்து, பத்தும் 5-ல் தொடங்கினால், சிக்கல் சர்வரில் இல்லை, சிங்கப்பூரில் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். தரவு மையங்களின் பெயரில் மட்டும் இடம் தரும் நிறுவனத்தின் சுருக்கத்தையும் விமான நிலையக் குறியையும் சேர்க்கிறார்கள். ஈக்வினிக்ஸும் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தின் ‘ஐஏடி’-யும் சேர்ந்து ஆஷ்பர்ன் மையம் ‘ஈக்யூஐஏடி’ ஆனது. இதை மட்டும் நான் பின்பற்ற மாட்டேன். நிறுவனங்கள் கைமாறும்.

கிளவுடில் இருப்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு ஏற்பத் தானாகக் கூடிக் குறையும் சர்வர்களுக்குப் பெயர் வைக்க மெனக்கெட வேண்டாம்; அவை ஒரு நாள்கூட இருக்காமல் போகலாம். ஐபி எண்ணை ஒட்டி கிளவுடே ஒரு பெயர் கொடுத்துவிடும். ஊர், வகை, பொறுப்பாளர் போன்றவற்றை டேக்காகப் போட்டுவையுங்கள். டேக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சர்வர்களுக்குச் சாமி பெயர்களை வைத்திருக்கிறோம். நினைவில் நிற்கிறது, எல்லோருக்கும் பிடித்தும் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஒரே குடும்பத்துப் பெயர்களை வைப்பதில் தவறில்லை. மேலே சொன்ன லிபஸே அதை ஆதரிக்கிறார். பத்துக்குள் இயந்திரங்கள் இருக்கும் இடத்தில் அது எண்களைவிட நன்றாகவே வேலை செய்யும். ‘வைகை’யையும் ‘பாலாறு’வையும் யாரும் போனில் மாற்றிக் கேட்க மாட்டார்கள். விக்கிமீடியாவும் தன் சில்லறை வேலைச் சர்வர்களுக்கு ஆஷ்பர்னில் தனிமங்களின் பெயர்களையும் கரோல்டனில் நட்சத்திரங்களின் பெயர்களையும் வைத்திருந்தது. பிறகு வேலையைச் சொல்லும் பெயர்களுக்கு மாறியது. எண்ணிக்கை கூடியதும் எந்தத் தனிமம் என்ன செய்கிறது என்று புதிதாகச் சேர்ந்தவர் எப்படி அறிவார்?

நம் ஊர்ப் பெயர்களில் கூடுதலாக ஒரு தொல்லை, ஆங்கில எழுத்துக்கூட்டல். காவிரியைச் சிலர் ‘சி’-யில் தொடங்குவார்கள், சிலர் ‘கே’-யில். ‘ழ’ வந்தால் ஆளுக்கொரு விதம். பெயரைக் காதால் கேட்டவர் தப்பில்லாமல் தட்ட முடிய வேண்டும். அந்தச் சோதனையில் தேறும் பெயரை மட்டும் வையுங்கள். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் இருக்கின்றன, பட்டியல் சீக்கிரம் தீராது. ஆனால் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதக்கூடியவை எத்தனை என்று முதலில் எண்ணிப்பாருங்கள்.

சாமி பெயர்களை மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். சர்வர் என்றால் படுக்கும், தொங்கும், அதை ‘கில்’ செய்ய வேண்டிவரும், கடைசியில் பழைய இரும்புக்குப் போகும். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இதையெல்லாம் பேசியாக வேண்டும். குழுவில் யாரோ ஒருவருக்கு அது உறுத்தும். பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வேறு மதத்தைச் சேர்ந்தவர் நாளை உங்களிடம் வேலைக்குச் சேரும்போது அவர் மனநிலையையும் நினைத்துப்பாருங்கள். தலைவர்கள், நடிகர்கள், சாதியை நினைவூட்டும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: சர்வரின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்க முடியாதா?
— ஒரு மாணவி, தஞ்சாவூர்

பதில்: பொதுமக்கள் தட்டும் இணைய முகவரியாகத் தாராளமாக வைக்கலாம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் தமிழ் முகவரிகள் நடைமுறையில் உள்ளன. இன்னும் அதிகமானோர் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் டிஎன்எஸ் உள்ளே அதை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. லாக்கிலும் பல கருவிகளிலும் கண்ணில் படுவது அந்தக் கோவைதான். ஆகவே வாசலுக்குத் தமிழ்ப் பெயர், உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு எளிய ஆங்கில எழுத்துப் பெயர் என்று வையுங்கள்.

கேள்வி: ‘டிபி’, ‘சம்பளம்’ என்றெல்லாம் வெளிப்படையாகப் பெயர் வைத்தால் ஹேக்கருக்கு வழிகாட்டியதுபோல் ஆகாதா?
— ஒரு வாசகர், கொழும்பு

பதில்: உள்ளே நுழைந்துவிட்டவருக்குப் பெயர் தேவையில்லை. எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்த்தே அது டேட்டாபேஸ் என்று சொல்லிவிடுவார். புரியாத பெயரால் தடுமாறப்போவது உங்கள் ஆட்கள்தான்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் தரும் டிஎல்எஸ் சர்ட்டிஃபிகேட்டுகள் யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. 2018-லிருந்து குரோம் இதை வலியுறுத்துகிறது. உள் சர்வருக்கென்று அப்படி ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கினால் அதன் பெயர் அன்றே உலகத்துக்குத் தெரிந்துவிடும். ‘பழைய-சம்பளம்’, ‘டெஸ்ட்-விபிஎன்’ போன்ற பெயர்களைத்தான் தாக்குபவர்கள் முதலில் தேடுவார்கள். யாரும் கவனிக்காமல் கிடக்கும் சர்வர் என்று பெயரே சொல்கிறதல்லவா! உள் சர்வர்களுக்கு உங்கள் சொந்தச் சான்றிதழ் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் டொமைன் முழுவதற்கும் பொருந்தும் வைல்ட்கார்ட் வாங்கலாம். அதன் சாவி பல சர்வர்களில் இருக்கும் என்பதால் அதைக் காப்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

கேள்வி: எங்கள் உள் டொமைன் ‘.லோக்கல்’ என்று முடிகிறது. விட்டுவைக்கலாமா? அப்படியே பழைய சர்வர்களின் பெயர்களையும் மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: ‘.லோக்கல்’ 2013-லிருந்து வேறொரு வேலைக்கு ஒதுக்கப்பட்டது. ஒரே நெட்வொர்க்கில் உள்ள பிரின்டர் போன்ற கருவிகள் டிஎன்எஸ் சர்வர் இல்லாமல் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறைக்கு உரியது அது. அதனால் மேக், லினக்ஸ் கணினிகள் சில நேரம் உங்கள் சர்வரைக் காணாமல் திணறும். புதிதாகத் தொடங்குவதென்றால், நீங்கள் பணம் கட்டி வைத்திருக்கும் டொமைனின் கீழேயே ஒரு பிரிவை உள்வேலைக்கு ஒதுக்குங்கள். அது இல்லையென்றால், ஐகேன் 2024-ல் தனியார் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கிய ‘.இன்டர்னல்’ இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களின் பெயர்களை ஒரேயடியாக மாற்றக் கிளம்பாதீர்கள். முதலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாற்றுப்பெயர் கொடுத்து, எல்லா அமைப்புகளும் அதையே பயன்படுத்தும்படி செய்யுங்கள். சில மாதங்கள் போகட்டும். பழைய பெயரைக் கேட்டு இன்னும் யார் வருகிறார்கள் என்று டிஎன்எஸ் லாக்கில் பாருங்கள். புதிதாக வரும் சர்வர்கள் புது விதிப்படி வரட்டும், பழையவை தங்கள் முறை வரும்போது ஓய்வு பெறட்டும். விண்டோஸில் சான்றிதழ் சேவை நிறுவிய சர்வர் பெயர் மாற்றவே விடாது. எக்ஸ்சேஞ்ச் நிறுவியதில் மாற்றுவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. அந்த இரண்டின் மீதும் கை வைக்காமல், பெட்டியின் முன்னும் பின்னும் இப்போதைய பெயரைத் தெளிவாக லேபிள் ஒட்டிவையுங்கள்.