பெரிய பலகையில் சீக்கிரம் செக்மேட்: எந்த ஆட்டத்தை எடுப்பது?

கெலிஓயாவில் பாடசாலை விட்டு, பின்னேர டியூஷன் தொடங்கும்வரை பிள்ளைகளுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் ஒரு பெரிய பலகை ஆட்டம் முடியுமா? தாராளமாக முடியும், ஆட்டத்தைப் பார்த்து எடுத்தால். கட்டம் கூடினால் ஆட்டம் நீளும் என்பது பலருடைய நினைப்பு. உண்மையில் வேகத்தைத் தருவது காய்களின் பலமும், இரு படைக்கும் நடுவே கிடக்கும் வெறும் வரிசைகளும்தான்.

பழைய ஆட்டங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். ஜெர்மனியில் ஆடப்பட்ட 12×8 கூரியர் செஸ்ஸில் ராணி மூலைவாட்டில் ஒரே கட்டம்தான் நகரும். 112 கட்டமுள்ள தைமூர் சதுரங்கத்திலோ, தோற்கிற ராஜா எதிரியின் புகலிடக் கட்டத்துக்குள் நுழைந்து ஆட்டத்தைச் சமன் செய்துவிடலாம். விடுமுறை நாளுக்கு அருமையானவை, இடைவேளைக்கு ஆகாது.

என் தேர்வு, 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்த கபபிளாங்கா முன்வைத்த 10×8 ஆட்டம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு புதுக் காய்கள்: மந்திரியும் குதிரையும் சேர்ந்த ஆர்ச்பிஷப், கோட்டையும் குதிரையும் சேர்ந்த சான்சிலர். அவர் எட்வர்ட் லாஸ்கரோடு 10×10 பலகையையும் ஆடிப் பார்த்தார். மோதல் சீக்கிரம் தொடங்குகிறது என்பதால்தான் 10×8 நிலைத்தது.

ஆர்ச்பிஷப்பின் பலத்தை ஒரு மூலையில் பார்க்கலாம். தனி ராஜா ஏ1இல் நிற்க, எதிரியின் ஆர்ச்பிஷப் சி3க்கு வந்தால் ஆட்டம் முடிந்தது. மூலைவாட்டில் செக், பி2 அதே கோட்டில் அடைபடுகிறது, ஏ2, பி1 இரண்டும் குதிரைப் பாய்ச்சலில் போய்விடுகின்றன. துணைக்கு ஒரு காய்கூட வேண்டாம். தனி ராணியால் இது முடியாது.

ஆனால் கபபிளாங்கா காய்களை நிறுத்திய அடுக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஐ7 சிப்பாய்க்குக் காவலே இல்லை. வெள்ளை முதல் நகர்விலேயே டி4 வைத்தால் சி1 ஆர்ச்பிஷப்புக்கு வழி திறந்து, நேரே ஐ7ஐக் குறிவைக்கிறது. கறுப்பு கவனிக்காமல் விட்டால் அது ஐ7ஐ வெட்டி, சான்சிலர், கோட்டை, மந்திரி மூன்றையும் ஒருசேர மிரட்டும். திருப்பி வெட்ட ஆளில்லை. புதியவர் இங்கேயே நொறுங்கிப்போவார். அது நல்ல தொடக்கம் அல்ல.

ஆகவே சிறுவர்களுக்கு நான் எட் ட்ரைஸ் அமைத்த கோதிக் செஸ் அடுக்கையே சொல்வேன். பலகையும் காய்களும் அவையே. இடமிருந்து வெள்ளையின் வரிசை: கோட்டை, குதிரை, மந்திரி, ராணி, சான்சிலர், ராஜா, ஆர்ச்பிஷப், மந்திரி, குதிரை, கோட்டை. எல்லாச் சிப்பாய்க்கும் காவல் உண்டு, வேகமும் குறையாது.

கிறிஸ்டியன் ஃப்ரீலிங் 1984இல் அமைத்த 10×10 கிராண்ட் செஸ்ஸிலும் இதே காய்கள்தான். சிப்பாய்கள் மூன்றாம் வரிசையில் நிற்பதால் நடுவே வெறும் வரிசை நான்குதான், சாதாரணப் பலகையைப் போலவே. ஆனால் ராஜா இரண்டாம் வரிசையில் நிற்கிறார். பின்னால் தப்ப மூன்று கட்டம் காலி. சொந்தக் காய்களே ராஜாவை அடைத்துக் குதிரையால் கிடைக்கும் மேட் இங்கே எளிதில் வராது. சற்று அனுபவமுள்ளவர்களுக்கு இது.

நாலு பேர் கூடினால் 160 கட்ட நால்வர் செஸ். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். நான் உங்களை மிரட்டிவிட்டால், உங்கள் முறை வருமுன் என் கூட்டாளியும் ஒரு நகர்வு வைத்துவிடுவார். நடுவே உங்கள் கூட்டாளிக்கு ஒரே நகர்வு. காப்பாற்ற அது போதாவிட்டால் உங்கள் ராஜா போச்சு. மேட் வேகமாக விழும் ஆட்டம் வேண்டுமென்றால் இதுதான். தனியாக யோசித்துப் பழக விரும்புகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

கோதிக் ஆட்டத்துக்குத் தனிப் பெட்டி தேட வேண்டாம். ஒரு மட்டையில் 80 கட்டம் கீறுங்கள். பழைய செட் ஒன்றிலிருந்து பக்கத்துக்கு இரண்டு சிப்பாய், ஒரு மந்திரி, ஒரு கோட்டை எடுத்து, கடைசி இரண்டின் கழுத்திலும் இறப்பர் பட்டி போட்டால் ஆர்ச்பிஷப்பும் சான்சிலரும் தயார். கோட்டை கட்டும்போது மட்டும் ராஜா இரண்டு கட்டமல்ல, மூன்று கட்டம் நகர்வார் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.