பெரிய சுவிட்ச்சை அணைக்காதீர்கள்

விண்டோஸ் 11 கணினியில் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது வலது மூலையில் ஒரு பெட்டி எழும்பி யோசனை சொல்லும். எரிச்சலில் பலரும் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் உச்சியில் இருக்கும் பெரிய சுவிட்ச்சை அணைத்துவிடுகிறார்கள். என் சித்தப்பாவும் அதைத்தான் செய்தார். யோசனைகள் நின்றன, கூடவே காலண்டர் நினைவூட்டலும் நின்றது. கரன்ட் பில் கட்டும் கடைசி நாள் தவறிப்போனது.

அணைக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் கீயோடு 'ஐ' எழுத்தை அழுத்தி செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் போங்கள். செயலிகளின் பட்டியல் நீளமாக வரும். பாதியில் நிறுத்தாமல் அடிவரை இறங்குங்கள். 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்ற வரி மடித்து வைத்ததுபோல் இருக்கும். பலர் கண்ணில் படாமல் போவது இதுதான். அதைக் கிளிக் செய்தால் மூன்று டிக் பெட்டிகள் விரியும்.

முதலாவது, அப்டேட்டுக்குப் பிறகு புதிதாக என்ன வந்திருக்கிறது என்று காட்டும் வரவேற்புத் திரை. டிக்கை எடுத்துவிடலாம். இரண்டாவது, 'கணினியை அமைத்து முடியுங்கள்' என்று லாகின் செய்ததும் திரை முழுக்க வந்து நிற்பது. அவசரமாக ஒரு பிரிண்ட் எடுக்க உட்காருகிறவருக்கு இதைவிடத் தொல்லை கிடையாது. யாருடைய கணினியானாலும் இந்த டிக்கை நான் எடுத்துவிடுவேன். மூன்றாவதுதான் உண்மையான குறிப்புகள். புதிதாகக் கற்பவருக்கு ஒரு மாதம் இருக்கட்டும், பிறகு எடுங்கள். இந்த மாற்றம் ஒவ்வொரு யூசர் கணக்குக்கும் தனித்தனி. அப்பாவுக்கு வேறு லாகின் என்றால் அதில் நுழைந்து மறுபடி செய்ய வேண்டும்.

சிலருக்குக் குறை நேர்மாறானது: மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் பெட்டி மறைந்துவிடுகிறது. வழக்கமாக அது நிற்பது 5 விநாடிதான். செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் போனால் 5 நிமிடம் வரை நீட்டலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு 30 விநாடி வைத்துக் கொடுங்கள்.

லாக் ஸ்கிரீனில் வரும் துணுக்குகளை நிறுத்த, பர்சனலைசேஷனில் லாக் ஸ்கிரீன் போய் முதலில் 'பிக்சர்' என்று மாற்றி, பிறகு துணுக்குகளுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். 'ஸ்பாட்லைட்' இருக்கும்வரை அந்த டிக் பெட்டியே தென்படாது.

அடுத்து வேர்டில் பொத்தான்மேல் மவுஸை வைத்தால் எழும்பும் சின்னக் குறிப்பு. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல் பகுதியில் 'ஸ்கிரீன்டிப் ஸ்டைல்' என்று இருக்கும். அதில் மூன்று நிலைகள்: பொத்தானின் பெயரும் விளக்கமும், பெயர் மட்டும், எதுவுமே வேண்டாம். பழகியவர்களுக்கு நடு நிலையே சரி. மூன்றாவதை யாரும் வைக்க வேண்டாம். எப்போதோ ஒருமுறை தேவைப்படும் பொத்தானைப் படத்தை மட்டும் பார்த்து ஊகிக்க முடியாது. அப்படியே அட்வான்ஸ்டு பகுதியில் 'டிஸ்ப்ளே' தலைப்பின்கீழ், ஷார்ட்கட் கீகளைக் காட்டச் சொல்லும் பெட்டியில் டிக் செய்யுங்கள். போல்டு பொத்தான்மேல் மவுஸை வைத்தால் கன்ட்ரோல்+பி என்று காட்டும். நான் பாதி ஷார்ட்கட்டுகளைக் கற்றது இப்படித்தான்.

இன்னொருவருடைய கணினியில் இவற்றை மாற்றுவதானால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். மறுபடி டிக் செய்ய வேண்டிய இடத்தை அவர் கையாலேயே ஒருமுறை திறக்கவைத்துவிட்டு எழுந்திருங்கள்.